சளி டப்பா வந்த வழியே

முதல் நாள், திங்கள்

மொத்தப் பயணமும் மதுரையிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கேதார்நாத், லடாக் என்று போய்வந்தவர்கள் எழுதுகிற வகையில் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எட்டு மாதமாக ஒரே நாற்காலி, ஒரே நுண்ணோக்கி, ஒரே ஜன்னல் என்று இருந்தவளுக்கு உசிலம்பட்டியே காஷ்மீர்.

நான் ஆலங்குளத்துக்காரி. நுண்ணுயிரியல் படித்துவிட்டுப் பொது சுகாதார ஆய்வக வேலைக்கு வந்தவள். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு ஃபெல்லோஷிப் இருக்கிறது. ஒரு வருடம் உதவித்தொகை கொடுத்து, ஒரு பெரிய ஆய்வகத்தில் உட்கார வைத்து வேலை பழக்குவார்கள். உதவித்தொகை மாதாமாதம் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள். பங்குனி மாதத்துப் பணம் வைகாசியில் வந்தது.

"டாக்டருக்கா படிக்கிற?" என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். இல்லை என்றால், "அப்ப ரத்தம் எடுக்கிற வேலையா?" அதுவும் இல்லை. ஆஸ்பத்திரி லேபுக்கு ஒருத்தருக்கு ஏன் காய்ச்சல் என்று தெரிந்தால் போதும். ஒரே தெருவில் பத்துப் பேருக்கு ஏன் காய்ச்சல், அடுத்த தெருவுக்கும் போகுமா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது எங்கள் வேலை. அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன். "ஓ, தண்ணி டெஸ்ட்டு" என்றாள். அதுவும் உண்டுதான்.

நோய் பரவும் இடத்துக்கே போய்த் துப்புத் துலக்குகிறவர்களுக்கு அமெரிக்காவில் 1951-லேயே பயிற்சித் திட்டம் வந்துவிட்டது. சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அதே மாதிரியான பயிற்சியை 2001-ல் தொடங்கியது. ஆய்வக மேசையில் உட்காருகிறவர்களுக்கென்று அமெரிக்காவில் தனி ஃபெல்லோஷிப் வர 1995 ஆனது. துப்பறிகிறவரைத் தயார் செய்து நாற்பத்துச் சொச்சம் வருடம் கழித்துத்தான் தடயத்தைப் பார்க்கிறவரின் ஞாபகம் வந்திருக்கிறது.

இன்று காலை எங்கள் மேடம் நிராகரிப்புப் பதிவேட்டை மேசையில் போட்டார். பரிசோதிக்க லாயக்கில்லை என்று நாங்கள் தள்ளிய மாதிரிகளின் கணக்கு அது. "ஆளுக்கு ஒரு காரணம் எடுத்துக்கங்க. அது எந்த ஊர்ல ஆரம்பிக்குதோ அந்த ஊருக்குப் போயிட்டு வாங்க. திட்டுறதுக்கில்ல, பாக்குறதுக்கு."

எனக்கு வந்தது: காசநோய்ப் பரிசோதனைக்கு வருகிற, மூடியில் பெயர் எழுதிய சளி டப்பாக்கள்.

விதி எளிது. பெயரும் எண்ணும் டப்பாவின் உடம்பில் இருக்க வேண்டும், மூடியில் கூடாது. மூடி கழற்றுகிற பொருள். வேலை மும்முரத்தில் ஒருத்தர் மூடி இன்னொருத்தர் டப்பாவில் ஏறினால், இல்லாத நோய்க்கு ஒருத்தர் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவார். இருக்கிற நோயோடு இன்னொருத்தர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பார். அதனால் மூடியில் எழுதி வந்தால் நிராகரிப்போம். பதிவேட்டில் என் கையெழுத்தில் மட்டும் இரண்டு பக்கம் இருந்தது.

நாளை விடியற்காலை பஸ்.

இரண்டாம் நாள், செவ்வாய்

ஆரப்பாளையத்தில் ஐந்தே முக்காலுக்கு ஏறினேன். காளவாசல் தாண்டும்வரை தூக்கம். அப்புறம் நாகமலை கூடவே வந்தது. காமராசர் பல்கலைக்கழக வாசலில் பாதிப் பஸ் காலியாகி, செக்கானூரணியில் மறுபடி நிரம்பி, கருமாத்தூரில் ஒரு ஆட்டுக்குட்டியும் ஏறியது. டிக்கெட் வாங்கினார்களா என்று கவனிக்கவில்லை.

உசிலம்பட்டியில் இறங்கி டவுன் பஸ் மாறிப் போகிற ஊர் அது. பெயர் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கடைசி அறைதான் லேப். ஒரு நுண்ணோக்கி, ஒரு சிங்க், சாய அடுக்கு, ஜன்னலில் துளசிச் செடி. பத்தொன்பது வருடமாக அங்கே இருக்கிற லேப் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாத்தா. நீதான் அந்த ரிஜக்ட் புள்ளையா?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. நான் திருப்பி அனுப்பிய சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். "கையெழுத்து அழகாத்தான் இருக்கு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது இன்னும் கூச்சமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ஒரு தாத்தா வந்தார். முன்பு காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு, உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டவர். இப்போது மறுபடி இருமல். இப்படிப்பட்டவர்களின் சளியைத்தான் மதுரைக்கு அனுப்புவார்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்க்கிற வசதி இங்கே கிடையாது. கையில் மஞ்சப்பை, அதற்குள் முறுக்குப் பொட்டலம். "மருமக கேட்டா சக்கரைக்குப் பாக்க வந்தேன்னு சொல்லிருவேன்" என்று அவராகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

சளி எடுப்பது எப்படி என்று எனக்கு மனப்பாடம். வாயைத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், நெஞ்சுக்குள்ளிருந்து இருமித் துப்ப வேண்டும், திறந்த வெளியில், அருகில் ஆள் இல்லாமல். தாத்தாவிடம் இதைப் புத்தகத் தமிழில் ஒப்பித்தேன். கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குப் போய் டப்பாவில் எச்சில் துப்பிக்கொண்டு வந்தார். நுரைநுரையாக, கண்ணாடி மாதிரி. என் மேசைக்கு வந்திருந்தால் 'உமிழ்நீர்' என்று எழுதித் தள்ளியிருப்பேன்.

அக்கா புது டப்பாவை எடுத்துக்கொண்டு அவரோடு மரத்தடிக்குப் போய்க் காற்றடிக்கிற பக்கமாக நின்றுகொண்டார். "தாத்தா, எச்சி வேணாம். வயக்காட்டுல அங்கிட்டு நிக்கிற ஆளக் கூப்புடுவீகள்ல, அப்புடி அடிவயித்துல இருந்து மூச்ச இழுங்க. ம், இன்னொரு தடவ. இப்ப இருமுங்க." மஞ்சளாக, கெட்டியாக வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. சளிக்குக் கைதட்டுகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான்.

பிறகு அக்கா மூடியில் பெயர் எழுதப் போனார். "அக்கா..." என்று இழுத்தேன்.

"தெரியும்த்தா. இரு, காட்டுறேன்." ஒரு காலி டப்பாவின் உடம்பில் ஸ்கெட்ச் பேனாவால் ஏதோ எழுதி, ஐஸ் ஜெல் பைகளுக்கு நடுவில் செருகி, தெர்மாகோல் பெட்டியை மூடினார். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தோம். ஜெல் பை வியர்த்து, டப்பாவும் நனைந்து, எழுத்து முழுக்க ஊதா நிறத் தண்ணீராகியிருந்தது. மூடி மட்டும் ஐஸுக்கு மேலே நிற்பதால் நனையவில்லை. "பேரே இல்லாம அனுப்புறதுக்கு மூடியிலயாவது இருக்கட்டும்னுதான். அழியாத மார்க்கர் கேட்டு எழுதிப் போட்டேன். வரல. என் காசுல ரெண்டு வாங்குனேன், யாரோ எடுத்துட்டுப் போயிட்டாக."

"போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னனே. ரூல் படிங்கன்னு ஒரு புள்ள சொல்லுச்சு."

அந்தப் புள்ள நானாக இருக்கக்கூடாது என்று மனதுக்குள் பாண்டி முனீஸ்வரரை வேண்டிக்கொண்டேன். நானாகவும் இருக்கலாம்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த ஊதாத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஸ்லைடுல என்னத்துலத்தா எழுதுறோம்?" என்று அக்காதான் கேட்டார். பென்சிலில். சாயம் ஏற்றும்போது மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. எல்லா லேபிலும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். கட்டுப்போடுகிற அறையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளைக் கொண்டுவந்து டப்பாவைச் சுற்றி ஒட்டினார். மேலே பென்சிலால் எழுதி, சிங்க்கில் முக்கி, விரலால் தேய்த்தார். நின்றது. தாத்தாவின் டப்பாவுக்கும் அப்படியே சுற்றினோம்.

பெட்டியை நானே கொண்டுபோகிறேன் என்றேன். வழக்கமாக யாராவது ஒருவர் பஸ்ஸில் எடுத்துவருவார். டப்பாவுக்கு வெளியே பிளாஸ்டிக் உறை, அதற்கு வெளியே பெட்டி என்று மூன்று அடுக்கு இருப்பதால் கூட வருகிறவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. உசிலம்பட்டியில் பெரிய பஸ் ஏறியதும் கண்டக்டர் பெட்டியை வாங்கி டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மேடையில் வைத்தார். "இங்க பத்திரமா இருக்கும்."

பெட்டிக்குள் ஒரு வெப்பமானியின் நுனியைச் செருகியிருந்தேன். கிளம்பும்போது 6 டிகிரி. 2-க்கும் 8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கருமாத்தூரில் 11. செக்கானூரணியில் 14. ஆரப்பாளையத்தில் 17. காசநோய்க் கிருமி சோம்பேறி, ஒன்று இரண்டாகக் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். வாயில் குடியிருக்கிற மற்றக் கிருமிகள் அரை மணிக்கு ஒரு முறை பெருகும். பெட்டி சூடேறினால் அவைதான் கொண்டாடும். நாங்கள் காஸ்டிக் சோடா போட்டு அவற்றைக் கொல்லப் பார்ப்போம், எல்லாம் சாகாது, காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கிற வளர்ப்புக் குழாய் கெட்டுப்போகும். அந்தப் பதிவேட்டிலும் எனக்கு இரண்டு பக்கம் உண்டு.

பக்கத்து சீட்டு அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ன மீனு?"

"மருந்தும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

தூக்கம் வரவில்லை, இன்னும் நான்கு வரி. காசநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கியது. பாதிப்பேருக்கு சானடோரியம், பாதிப்பேருக்கு வீட்டிலேயே மருந்து. 1959-ல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். படுக்கையும் நல்ல சாப்பாடும் இல்லாமலே. உலகமே வீட்டுச் சிகிச்சைக்குத் திரும்ப அது ஒரு பெரிய காரணம். அவர்களுக்குக் குணமானது எப்படித் தெரிந்தது? சளியை வாங்கி வளர்த்துப் பார்த்துத்தான். ஆளை வீட்டில் விட்டுவிட்டுச் சளியைப் பயணம் அனுப்பினார்கள். அந்தப் பயணத்தின் இன்றைய கடைசிக் கட்டத்தைத்தான் எஞ்சின் மேடையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், புதன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் கண்டக்டர் மேல் பழி போட்ட மாதிரி இருக்கிறது. தப்பு. மேலே கம்பித் தட்டில் வைத்தால் பெட்டி சாயும், கீழே வைத்தால் மிதிபடும். அந்தப் பஸ்ஸில் நட்டமாக நிற்க அந்த ஒரு இடம்தான்.

இன்று சோழவந்தான். இன்னொரு ஃபெல்லோவின் வேலை, நான் ஒட்டிக்கொண்டேன். வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, நடுவில் கண்ணுக்கு எட்டியவரை வயல். 1895-ல் முல்லைப்பெரியாறு அணை எழும்பி மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியதால் வந்த பச்சை. அந்தத் தண்ணீரில் நெல்லோடு கொசுவும் விளைகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் வகைக்கு, நாற்று நட்ட வயலில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் பிரசவ ஆஸ்பத்திரி. இந்த நோய் இந்தியாவில் முதலில் தெரியவந்ததே 1955-ல் நம் வேலூர்ப் பக்கம்தான்.

மதுரைக்கு இதில் தனிப் பெயர் உண்டு. மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் இங்கேதான் இருக்கிறது, இப்போது புதுச்சேரி மையத்தின் கிளையாக. வயலில் தண்ணீரை விட்டு விட்டுக் கட்டினால் கொசுப்புழு குறைகிறதா, யூரியாவை வேப்பம் புண்ணாக்கில் புரட்டிப் போட்டால் குறைகிறதா என்றெல்லாம் இந்த வட்டார வயல்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். குறைந்தது.

பொழுது சாய்ந்ததும் மாட்டுத் தொழுவத்துக்குப் போனோம். இந்தக் கொசுவுக்கு மனிதரைவிட மாடுதான் இஷ்டம். மாட்டின் உடம்பில் இந்த வைரஸ் பெருகாது, பன்றியிலும் கொக்கிலும்தான் பெருகும். மாடு நமக்காகக் கடி வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கூட வந்த பூச்சி சேகரிக்கும் அண்ணன் கையில் ஒரு டார்ச், வாயில் ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் கண்ணாடிக் குழாய். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் அருகே நீட்டி 'ஸ்ஸ்' என்று உறிஞ்சினால் உள்ளே வந்துவிடும். வாய்க்குப் போகாமல் நடுவில் வலை உண்டு. எனக்கு அரை மணி நேரத்தில் ஏழு. அண்ணன் எண்ணுவதையே நிறுத்தியிருந்தார்.

தொழுவத்துக்காரப் பெரியம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொசுப் புடிக்கச் சம்பளமா தர்றாக?" என்றார். "ஆமா பெரியம்மா." "எம்புட்டு?" சொன்னேன். "அடி ஆத்தி, அதுக்கு நாத்து நடப் போகலாமே."

ஐம்பது ஐம்பது கொசுவாகச் சேர்த்து அரைத்து வைரஸ் தேடுவார்கள். மதுரைக்காரர்கள் கையாண்ட ஒரு முறையைக் கேட்டு அசந்துபோனேன். அரைத்த சாற்றை வேறொரு பெரிய கொசுவுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அந்தப் பெரிய கொசு ரத்தமே குடிக்காது, பூந்தேன்தான். புழுப் பருவத்தில் மற்றக் கொசுப்புழுக்களைத் தின்றே வளரும். கடிக்காது என்பதால் ஏற்றுகிறவருக்கு ஆபத்தில்லை. சில நாள் கழித்து அதன் தலையை நசுக்கி, ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தால் வைரஸ் இருந்தால் பச்சையாக மின்னும். கொசுவுக்கு ஊசி போடுகிற கையைக் கற்பனை செய்து பாருங்கள். ஆடாமல் அசையாமல். இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்வது? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும்.

என் காலில் இருபது தடிப்பு. நன்றாகச் சொறிந்துகொண்டே எழுதுகிறேன்.

நான்காம் நாள், வியாழன்

சுருக்கமாக. அரவிந்த் கண் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவைப் பார்க்கப் போனோம். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது.

கதிரடிக்கும்போது நெல் உமியோ தூசோ கண்ணில் பட்டு, கருவிழி புண்ணாகி வருகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம். 1994-ல் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்றே மாதத்தில் 434 பேரை இங்கே பரிசோதித்திருக்கிறார்கள். கிருமி வளர்ந்தவர்களில் ஏறக்குறையச் சரிபாதி பாக்டீரியா, சரிபாதி பூஞ்சை. இரண்டுக்கும் மருந்து வேறு. மாற்றிப் போட்டால் கண் போய்விடும். புண்ணிலிருந்து லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. சில நிமிடத்தில் பூஞ்சையின் இழை நூல் நூலாகத் தெரிகிறது. மாதிரி பயணம் செய்கிற தூரம் இங்கே சில அடிதான். ஆனால் கண்ணைப் பொத்திக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு பெண் அந்தத் தூரத்தை முன்பே கடந்துவிட்டார். யாராவது ஒருவர் அலையத்தான் வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. கோப்பைக்குள் வழுக்கும் கடல்பாசியும், தட்டுகளில் கிருமி வளர்க்க நாங்கள் ஊற்றும் அகரும் சொந்தக்காரர்கள். மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியைக் காய்ச்சி அகராக்கும் ஆலைகள் மதுரையைச் சுற்றி உண்டு. 1880-களில் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண் சமையலறை யோசனையாகச் சொல்லித்தான் அகர் லேபுக்குள் நுழைந்தது. இதைச் சொன்னதும் விழுப்புரத்துத் தோழன் பாதியில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். மீதியை நான் குடித்தேன்.

ஐந்தாம் நாள், வெள்ளி

மறுபடியும் என் நாற்காலி.

11.20-க்கு மேற்கேயிருந்து பெட்டி வந்தது. பாதுகாப்பு அலமாரிக்குள் வைத்துத் திறந்தேன். ஆறு டப்பா. ஆறிலும் பிளாஸ்திரி, பென்சில் எழுத்து, நனைந்தும் அழியாமல். ஒன்று கசிந்திருந்தது, அதை நிராகரிக்க வேண்டியதாயிற்று. வெப்பம் 16. பஸ் அதே பஸ்தானே.

மேடத்திடம் ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பிளாஸ்திரிக்கும் பென்சிலுக்கும் உடனே கையெழுத்துப் போட்டார். நிராகரிப்புச் சீட்டில் 'ஏன் இப்படி வந்தது என்று கேட்கப்பட்டதா?' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருந்தேன், அதற்கும் போட்டார். தடித்த சுவருள்ள நல்ல குளிர்ப்பெட்டிகள் கேட்டிருந்த வரிக்குப் பக்கத்தில் 'நிதி?' என்று எழுதினார். கேள்விக்குறி பெரிதாக இருந்தது.

மதியம் தாத்தாவின் பட்டை வந்தது. செவ்வாய்க்கிழமை என்னோடு பஸ்ஸில் வந்த சளி. கிருமியின் மரபணுவைப் பெருக்கி ஒரு காகிதப் பட்டையில் படியவைத்தால் கோடு கோடாக விழும். எந்தக் கோடு இருக்கிறது, எது காணவில்லை என்பதை வைத்து மருந்து கேட்குமா என்று சொல்லலாம். காசநோய்க்கு முக்கியமான இரண்டு மருந்துகளில் ரிஃபாம்பிசினுக்குக் கோடுகள் எல்லாம் இருந்தன, அது கேட்கும். ஐசோநயசிட்டுக்கு இருக்க வேண்டிய ஒரு கோடு இல்லை, இருக்கக்கூடாத ஒன்று இருந்தது. கேட்காது. வழக்கமான மாத்திரையையே மறுபடி கொடுத்திருந்தால் அரைகுறையாக அடங்கி, அடுத்த மருந்தையும் எதிர்க்கப் பழகியிருக்கும். மருந்தை மாற்ற வேண்டும். வளர்ப்புக் குழாயின் முடிவு வர இன்னும் ஆறு வாரம்கூட ஆகலாம், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

அறிக்கை முறைப்படி போகும். ஆனாலும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"மருமகளுக்குத் தெரியணும்க்கா. வீட்டுல எல்லாரையும் பரிசோதனை பண்ணணும்."

"அத நான் போய்ப் பக்குவமாச் சொல்லிக்கிறேன். முறுக்கு அந்த மருமக சுட்டதுதான், நல்ல புள்ள." கொஞ்சம் நிறுத்தினார். "ஏத்தா, பேரு அவரு பேருதானான்னு இன்னொரு தடவ பாத்துரு."

குளிர்பெட்டியைத் திறந்து டப்பாவை எடுத்தேன். மூடி வெறுமையாக இருந்தது. உடம்பில் பிளாஸ்திரி, ஓரம் லேசாகப் பிரிந்து. பென்சில் எழுத்தை எழுத்துக் கூட்டிப் போனில் படித்தேன். ஊர், வயது, எண்.

"அவருதான்" என்றார் அக்கா.